பிங்க் சைக்கிளில் வந்த மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் பெண் வீட்டு வாசலில் தலைகுப்புற விழுந்தார். விழுந்த இடம், அவரை வரவேற்று வளைவு வைப்பதற்காகத் தோண்டிய குழி. வந்த வாகனம், முன்னால் கூடை வைத்த, பிங்க் நிறப் பெண்கள் சைக்கிள். இதைவிட லட்சணமாக ஒரு மாப்பிள்ளை சிதம்பரத்துக்குள் நுழைந்ததாகத் தெரியவில்லை.

மணப்பெண் காயத்ரி அதை ஜன்னல் வழியாக முழுசாகப் பார்த்தாள். விடியற்காலையில்தான் அவளுக்கு நலங்கு வைத்திருந்தார்கள். கன்னம், கை, பாதம் எல்லாம் மஞ்சள். அந்த மஞ்சள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த பிறகுதான் தனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அவள் இந்தக் கல்யாணத்தை நிறுத்துவதாக இருந்தாள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு வார்த்தைதான். நிச்சயம் ஆன மூன்று மாதமாகச் செல்வன் தினமும் ராத்திரி எட்டரைக்குக் கடலூர் செம்மண்டலத்திலிருந்து போன் பண்ணுவார். "சாப்டீங்களா?" என்பார். சாப்பிட்டேன் என்பாள். "என்ன சாப்டீங்க?" என்பார். இட்லி என்பாள். அதோடு அவர் சரக்கு தீர்ந்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு "வச்சிடட்டுங்களா?" என்பார். காயத்ரியோ தெற்கு வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கோணிப்போன ஃபிரேமோடு வருகிற யாரையும் கதை கேட்காமல் அனுப்ப மாட்டாள். நேற்று ராத்திரி அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இதத் தவிர உங்களுக்கு வேற கேள்வியே தெரியாதா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் அழுதாள். ஆயுசு முழுக்க இட்லியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது, நாளை சாயங்காலத்துக்குள் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு படுத்தாள்.

அந்த மனுஷர்தான் இப்போது குழியில் கிடக்கிறார்.

அவள் வாசலுக்கு ஓடுவதற்குள் அத்தை சௌந்தரம் முந்திக்கொண்டாள். அப்பாவின் அக்கா. காயத்ரிக்கு ஏழு வயதில் அம்மா போனதிலிருந்து அந்த வீட்டின் சட்டம் ஒழுங்கு முழுவதும் அத்தை கையில். மாப்பிள்ளையை ஒரு கையாலும் சைக்கிளை ஒரு கையாலும் தூக்கி, சந்து வழியாகப் பின்பக்கத்துக்கு இழுத்துப்போனாள்.

"பந்தக்கால் நட்ட மாப்ள ஊரு எல்லையத் தாண்டலாமா? வெள்ளாத்தத் தாண்டி வந்திருக்கீங்களே! உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்?"

செல்வன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சாப்டீங்களா பெரியம்மா?"

அத்தை திகைத்து நின்றாள். கதவுக்குப் பின்னால் காயத்ரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏய், வெளிய வராத!" அத்தை கதவைப் பார்த்துக் கத்தினாள். "நலங்கு வச்ச பொண்ணு முகூர்த்தம் வரைக்கும் மாப்ள மூஞ்சியப் பாக்கக் கூடாது. பாத்தியா?"

"இல்லத்த. விழுந்தப்ப தலதான் கீழ இருந்திச்சே, மூஞ்சி எங்க தெரிஞ்சுது?"

அத்தை ஒரு நிமிஷம் யோசித்து, அது செல்லும் என்று தீர்ப்பு சொன்னாள். துணி காயப்போடும் கயிற்றில் ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டைத் தரை தொடத் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் பெண். அதற்குப் பிறகுதான் விசாரணையே ஆரம்பமாயிற்று.

விஷயம் இதுதான். பந்தக்கால் நட்ட கையோடு செல்வனின் அம்மா சந்திரலேகா, பிள்ளை எங்கேயும் போய்விடக் கூடாதென்று பைக் சாவியை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டார். பஸ்ஸில் வரலாமென்றால் செல்வனின் தாய்மாமன் அந்த ரூட்டில் கண்டக்டர். ஆகவே பழைய கூட்டாளி ஒருத்தனுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அப்படியே சலூனுக்குப் போய்வருகிறேன் என்று பொய் சொல்லி, பக்கத்து வீட்டு சத்யப்பிரியா பள்ளிக்கூடம் போகும் சைக்கிளை இரவல் வாங்கி, நாற்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்து வந்திருக்கிறார். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு அவருக்கு நலங்கு. மணையில் மாப்பிள்ளை இல்லையென்றால் உண்மை வெளியே வரும். எல்லை தாண்டினார் என்று தெரிந்தால் சந்திரலேகா அம்மாள் சோசியரைக் கூப்பிடுவார், முகூர்த்தத்தையே தள்ளிவைப்பார். பன்னிரண்டே முக்காலுக்காவது கிளம்பினால்தான் நாலுக்குப் போய்ச் சேரலாம்.

கிளம்பலாம். சைக்கிளின் முன்சக்கரம்தான் எண்ணெயில் போட்ட அப்பளமாக வளைந்துகிடந்தது.

"தெருமுனைல கடை இருக்குதே" என்றார் செல்வன் அப்பாவியாக.

"அது ராமாமிர்தத்தோட கடை. என் தம்பி இப்ப அங்கதான் உக்காந்து டீ குடிக்கிறான்" என்றாள் அத்தை.

"ஆட்டோ?"

"ஆட்டோ ஸ்டாண்டுல சொல்றதும் மைக்கு வச்சு சொல்றதும் ஒண்ணு."

பெட்ஷீட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து காயத்ரி பேசினாள். "இங்கயே சரி பண்ணிடலாம். அத்த, அந்தச் சக்கரத்தக் கழட்டிக் குடு." அவளுக்கு நிறுத்தப்போகிற கல்யாணத்தின் ஞாபகம் வந்தது. சக்கரத்தை முதலில் நிமிர்த்துவோம், கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செல்வன் போனில் ஒரு வீடியோ பார்த்தார். இவ்வளவு வளைந்த சக்கரத்தை முதலில் இரண்டு கல்லின் மேல் படுக்க வைத்து, மேடான இடத்தில் பாரம் போட்டு அமுக்க வேண்டும் என்று வீடியோக்காரன் சொன்னான். செல்வன் ஏறி நின்றார். அறுபது கிலோ. சக்கரம் அசையவில்லை.

மாப்பிள்ளை கீழே இறங்கினார். பிறகு அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ரெண்டு பேரும் கண்ண மூடிக்கோங்க. யாராச்சும் சிரிச்சீங்க, அவ்ளோதான்."

அத்தை சக்கரத்தின் மேல் உட்கார்ந்தாள். 'டொங்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எழுந்து பார்த்தால் சக்கரம் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. பெட்ஷீட்டின் இரண்டு பக்கமும் சிரிப்பை அடக்கிய மூச்சு ஒரே நேரத்தில் கேட்டது. அப்புறம் அடக்க முடியாமல் இரண்டு பக்கமும் வெடித்தது. செல்வனின் சிரிப்பைக் காயத்ரி முதல் முறையாகக் கேட்டாள். விக்கல் எடுப்பது மாதிரி விட்டு விட்டு வந்தது. கேட்கவே வேடிக்கையாக இருந்தது.

மீதிக் கோணலைச் சக்கரக் கம்பிகளைத் திருகித்தான் எடுக்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மாட்டினார்கள். அத்தை பெட்ஷீட்டைச் சக்கரம் இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தூக்கி இரண்டு கிளிப் போட்டாள். சக்கரமும் கைகளும் தெரியும், முகம் தெரியாது. "கையப் பாக்கலாம், கைக்கு ஒரு தோஷமும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

காயத்ரி தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, சக்கரம் உரசுகிற அளவுக்கு, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் செருகி, அதன் நுனியில் நலங்கு மஞ்சளை அப்பினாள். சக்கரத்தைச் சுற்றினால் கோணலான இடத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டும். அந்த இடத்துக் கம்பியைத் திருக வேண்டும். செல்வனிடம் ஒரு கட்டிங் பிளேயர், அவளிடம் கண்ணாடிக் கடையின் குட்டிப் பிளேயர்.

"என் பக்கம்தாங்க சாயுது. தப்பு என் பக்கம். நானே சரி பண்றேன்" என்று அவர் தன் பக்கத்துக் கம்பியை இறுக்கினார்.

அடுத்த சுற்றில் இன்னொரு இடம். "இது என் பக்கம் சாயுது. நீங்க விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் தன் பக்கத்தை இறுக்கினாள்.

இப்படியே மரியாதை போய்க்கொண்டிருந்தது. நீங்கள் சிரமப்பட வேண்டாம், தப்பு என் மேல்தான், நானே இறுக்குகிறேன். இரண்டு பேரும் போட்டி போட்டுத் தங்கள் தங்கள் பக்கத்தை இறுக்க, சக்கரம் நிமிர்வதற்குப் பதில் முன்னைவிட ஜாஸ்தியாக ஆடியது. மணி பதினொன்றரை.

கை வேலையாக இருந்ததாலோ, முகம் தெரியாததாலோ, காயத்ரிக்குக் கேட்க வாய் வந்தது.

"ஏங்க, எப்பப் பாத்தாலும் சாப்டீங்களா, சாப்டீங்களான்னு ஏன் கேக்கிறீங்க?"

அந்தப் பக்கம் பிளேயர் நின்றது. "எனக்குப் பயம் வந்தா வேற வார்த்த வராதுங்க. சின்னதுலேருந்தே அப்படித்தான். ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்சன் வந்தவரு என்ன எழுப்பிக் கேள்வி கேட்டாரு. சாப்டீங்களா சார்னுட்டேன். இப்ப இருக்கிற மருந்துக் கம்பெனில இன்டர்வியூவுக்கு மூணு பேரு உக்காந்திருந்தாங்க. மூணு பேரையும் கேட்டேன்."

"அப்புறமும் வேலை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அதுல ஒருத்தரு அன்னிக்கி சாப்பிடல போலருக்கு."

காயத்ரி பிளேயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்துக்கும் சேர்த்து வைத்துச் சிரித்தாள். பெட்ஷீட்டே ஆடியது.

"என்கிட்ட என்னாங்க பயம்?" என்றாள் மூச்சு வாங்க.

"உங்களுக்கு என்னப் புடிக்கலையோன்னுதான்." குரல் தாழ்ந்தது. "நேத்து நீங்க கேட்டது சரிதாங்க. வேற ஒரு கேள்வி இருக்குது. மூணு மாசமா கேக்கணும்னு பாக்கிறேன், போன்ல வரல. அதக் கேக்கத்தான் வந்தேன். வந்து..."

'டிங்'. அளவுக்கு மீறி இறுகிய கம்பி ஒன்று பட்டென்று அறுந்து அவர் கட்டைவிரலைக் கிழித்தது.

"ஐயோ!" காயத்ரி கையை நீட்டினாள். பெட்ஷீட்டுக்கு அடியில் அவர் கை வந்தது. இரத்தம். பக்கத்திலிருந்த கிண்ணத்தில் மஞ்சள்தான் இருந்தது. அள்ளி அப்பினாள். கண்ணாடி துடைக்கிற நீலத் துணியைக் கிழித்து விரலில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் அந்தக் கையை விடவில்லை. கூச்சப்பட்டிருக்க வேண்டும், ஆனால் கூச்சம் வரவில்லை. கடையில் எத்தனையோ பேர் காதையும் மூக்கையும் தொட்டு ஃபிரேம் மாட்டியிருக்கிறாள். இந்தக் கை வேறு. வெள்ளாற்றைத் தாண்டி வந்து குழியில் விழுந்த கை. சந்தோஷம் தலைக்கேறிக் கிறுகிறுவென்று வந்தது.

"மணி என்னாங்க?" என்றார் செல்வன்.

பன்னிரண்டு. கையை விட்டாள்.

விட்டதும் புத்தி தெளிந்தது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, கடையில் ஃபிரேமைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோங்க. உங்க பக்கம் சாஞ்சா நீங்க இறுக்கக் கூடாது. இறுக்கினா இன்னும் உங்க பக்கம்தான் வரும். நீங்க விட்டுக் குடுங்க, நான் இழுக்கிறேன். என் பக்கம் சாஞ்சா நான் விடுறேன், நீங்க இழுங்க."

"அப்ப இவ்ளோ நேரம் நாம மரியாத பண்ணதுதான் தப்பா?"

"ஆமா. போதும் மரியாத."

அதன் பிறகு வேலை ஓடியது. "விடுங்க." "விட்டாச்சு." "இழுங்க." "கால் சுத்து போதும்." ஒவ்வொரு சுற்றுக்கும் மஞ்சள் கோடு குட்டையானது. பன்னிரண்டேகால். இன்னும் உள்ளங்கை அகலக் கோணல்தான் பாக்கி.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வைத்திலிங்கம் பின்பக்கத்துக்கே வந்துவிட்டார்.

பெட்ஷீட்டைப் பார்த்தார். தலைகீழாக நிற்கும் பிங்க் சைக்கிளைப் பார்த்தார். "என்னா இது?"

அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "எதிர் வீட்டுக்கு வந்த பொண்ணோட சைக்கிளு. நம்ம குழியில விழுந்து பெண்டாயிடிச்சு. சரி பண்ண ஆளு வந்திருக்குது."

"ராமாமிர்தத்துக்கிட்ட குடுக்கிறதுதானே?"

"அவன்தான் கடையப் பாக்காம உங்கூட டீ குடிச்சிக்கிட்டு இருந்தானே!"

"துணி எதுக்குக் கட்டியிருக்கு?"

"நலங்கு வச்ச பொண்ணு மேல அந்நிய ஆம்பள கண்ணு படலாமாடா? உனக்கு ஒண்ணும் தெரியாது. போயி சாப்புடு."

வைத்திலிங்கம் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணம் நெருங்க நெருங்க அவருக்கு மகளோடு பேச ஏதோ இருந்தது. சைக்கிள் ரிப்பேர்க்காரன் இருப்பதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"காயு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. மாப்ள நல்ல புள்ளதான். ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரே. சரியான உம்மணாமூஞ்சி. நானும் மூணு மாசமாப் பேசிப் பாக்கிறேன், 'சாப்டீங்களா மாமா'வத் தாண்டி ஒரு வார்த்த வரல. ரேடியோவ நிறுத்தி வச்சாப்புல உக்காந்திருக்காரு."

காயத்ரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெட்ஷீட்டுக்கு அடியில் நீலத் துணி கட்டிய மஞ்சள் கை அப்படியே நின்றது.

"நீயே சொல்லு தம்பி," என்று வைத்திலிங்கம் துணியைப் பார்த்துக் கேட்டார், "ஒரு ஆம்பளன்னா நாலு வார்த்த பேச வேணாமா?"

"ம்ம்" என்றது துணி.

"பாரு, இந்த ஆளும் பேச மாட்டான் போலருக்கு." அலுத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "சாதகம் பாத்தோம், வீடு பாத்தோம், எல்லாம் பாத்தோம். உனக்கு இஷ்டமான்னு நான் கேக்கவே இல்லம்மா. ரெண்டு நாளா அது உறுத்திக்கிட்டே இருக்குது. நேத்து நீ அழுதது எனக்குக் கேட்டிச்சு. புடிக்கலன்னா இப்பச் சொல்லு. பத்திரிகை வச்சாச்சேன்னு பாக்காத. அப்பா போயி நிறுத்திட்டு வரேன்."

காயத்ரி இன்று சாயங்காலம் எதிர்பார்த்திருந்த வாய்ப்பு, மதியமே வந்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது. சக்கரம் மெதுவாகச் சுற்றி நின்றது.  அத்தையின் கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது.

"நேத்து கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேம்ப்பா" என்றாள்.

"இன்னிக்கி?"

"இன்னிக்கி இஷ்டம்." சொன்னதும் அவளுக்கே உடம்பெல்லாம் லேசானது. சத்தமாக, துணிக்குக் கேட்கும்படி, மறுபடியும் சொன்னாள். "எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்குப்பா. அவரு பேசாட்டி என்ன, அவருக்கும் சேத்து நான் பேசுறேன். ஆனா அவரு நல்லா சிரிப்பாரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

துணிக்கு அந்தப் பக்கம் விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "இந்த ஆளுக்குத் தண்ணி குடுக்கா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்திலிங்கம் சாப்பிடப் போனார்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சக்கரம் சுற்றியது. ஒரே ஒரு இடத்தில் கடுகளவு ஆட்டம் மிச்சம். ஹேர்பின்னில் படவில்லை. அது போதும். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டினார்கள். அத்தை கூடையில் ஒரு தூக்கு நிறைய சாம்பார் சாதத்தை வைத்து, "போற வழில சாப்பிடுங்க, கீழ மட்டும் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

"என்னமோ கேக்கணும்னு வந்தீங்களே" என்றாள் காயத்ரி, துணிக்கு இந்தப் பக்கமிருந்து.

"நான் கேக்க வந்தத மாமா கேட்டுட்டாருங்க." அந்தக் குரலில் சிரிப்பு நிரம்பி வழிந்தது. "பதிலையும் கேட்டுட்டேன்."

சந்தில் சைக்கிள் மணி இரண்டு முறை அடித்தது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். பிங்க் சைக்கிளில், கூடையில் தூக்கோடு, ஒரு முதுகு குழியைச் சுற்றிக்கொண்டு போனது. முதுகுக்கும் தோஷம் இல்லை என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள்.

நாலு மணி ஆனது. நாலேகால். காயத்ரி போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். அறுந்த கம்பியோடு அந்தச் சக்கரம் புதுச்சத்திரத்தில் மடங்கிவிட்டதோ, தாய்மாமன் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டாரோ என்று யோசித்தாள். அத்தை சாமி படத்துக்கு முன்னால் மூன்றாவது முறையாகக் கற்பூரம் ஏற்றினாள்.

நாலு இருபத்தைந்துக்கு இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான குரூப்பில் போட்டோ வந்தது. அனுப்பியது செல்வனின் தங்கை ஸ்ரீமதி. மணையில் மாப்பிள்ளை. முடி வெட்டவில்லை. காது வரைக்கும் சிரிப்பு. சந்திரலேகா அம்மாள் அப்போதுதான் மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறார். ஆனால் மாப்பிள்ளையின் உள்ளங்கை இரண்டும் ஏற்கெனவே மஞ்சள். கீழே ஸ்ரீமதி எழுதியிருந்தாள்: "நாங்க வைக்கிறதுக்கு முன்னாடியே அண்ணன் கைல மஞ்சள். எந்த சலூன்னு கேட்டா சிரிக்குது."

வைத்திலிங்கமும் தன் போனில் அதே போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கினார். மஞ்சள் கை. கட்டைவிரல். நீலத் துணி.

தலையைத் தூக்கிப் பின்பக்கக் கயிற்றைப் பார்த்தார். பூப்போட்ட பெட்ஷீட் இன்னும் அங்கேதான் தொங்கியது. அக்காவைப் பார்த்தார். அக்கா திடீரென்று அடுப்படிக்குப் போனாள். மகளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ," என்றார் வைத்திலிங்கம். முகம் வெளுத்துப்போனது. "அவரு எதிர்லயேவா உம்மணாமூஞ்சின்னேன்? ரேடியோன்னு வேற சொன்னேனே!"

"சொன்னீங்கப்பா."

"இப்பவே மன்னிப்புக் கேட்டுடறேன்." எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள். "சொல்லுங்க மாமா" என்று செல்வனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது, பின்னால் நாதஸ்வர ரிக்கார்டு.

வைத்திலிங்கம் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மாப்ள... சாப்டீங்களா?"

காயத்ரி தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர, விக்கி விக்கிச் சிரித்தாள். 

"சாப்டேன் மாமா. சாம்பார் சாதம்," என்றது செல்வனின் குரல், பயமே இல்லாமல். "வழியில நிறுத்தி, உங்க வீட்டுத் தூக்குலதான் சாப்டேன்."